ஏரியும் எக்காளமும்: ஒரு நாடகக் குழுவின் பயணக் குறிப்புகள்

வெள்ளி, சென்னை

எங்கள் இளைஞர் நாடகக் குழு நாளை காலை புறப்படுகிறது. கரை உடையும் தறுவாயில் இருக்கும் ஓர் ஏரியையும், அந்த ஒற்றை இரவில் அதைக் காக்க முனையும் ஊர்ப் பிள்ளைகளையும் பற்றிய நாடகத்தை, பிரான்சிலிருந்து வந்திருக்கும் ஊதுகருவிக் குழுவுடன் சேர்ந்து செய்யாறு வட்டத்துக் கிராமம் ஒன்றிலும், புதுச்சேரியிலும், தஞ்சாவூரிலும் நிகழ்த்தவிருக்கிறோம். வந்திருப்பவர்கள் எட்டுப் பேர். டிரம்பெட் இரண்டு, டிராம்போன், கிளாரினெட், சாக்சபோன், தோளைச் சுற்றி வளைந்து தலைக்கு மேலே வாய் விரிக்கும் சூசாபோன், முரசு வகையில் இரண்டு. தெருவில் நடந்துகொண்டே வாசித்துப் பழகியவர்கள் என்பதால், நாற்காலியில் அமர்ந்து வாசிக்கச் சொன்னால் அவர்களுக்கு மூச்சே ஓடுவதில்லை.

அமைப்பாளர்கள் முதலில் கேட்டது வேறு. வெளிநாட்டுக் குழு அரை மணி நேரம் வாசிக்கட்டும், அதன்பின் நாடகம் நடக்கட்டும், முடிவில் எல்லோரும் ஒன்றாக மேடையேறி ஒரு பாட்டுக்கு ஆடலாம் என்றார்கள். இரண்டு நிகழ்ச்சிகளை அடுத்தடுத்து வைத்துவிட்டு அதற்குக் கூட்டு நிகழ்வு என்று பெயரிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் இயக்குநருக்கும் இல்லை. நாடகத்தில் நீர் பேசுவதில்லை, கண்ணுக்கும் தெரிவதில்லை; அந்த நீராக ஊதுகருவிக் குழு இருக்கட்டும் என்று அவர் சொன்னபோதுதான் இந்தப் பயணத்துக்கு உருவம் கிடைத்தது. பார்வையாளர்களின் முதுகுக்குப் பின்னாலிருந்து, வரத்துக்கால் வழியே ஏரிக்கு நீர் வருவதுபோல அவர்கள் வருவார்கள். நடிகர்கள் உடலோடு உடல் சேர்த்துக் கரையாக நிற்பார்கள்.

இன்றைய ஒத்திகை சுருதியில் சிக்கியது. எங்கள் பிள்ளைகள் கூத்துப் பயிற்சி பெற்றவர்கள் ஆதலால் நாலரைக் கட்டையில் பாடிப் பழகியிருக்கிறார்கள். கட்டை என்பது ஆதார சுருதியின் உயரத்தைக் குறிக்கும் அளவு. டிராம்போனும் சூசாபோனும் வாசிப்பவர்களுக்கு அந்தச் சுருதி மிகவும் இடைஞ்சலானது. அரைக் கட்டை இறக்கி நாலுக்கு வந்தால் அவர்களுடைய கருவிகளில் தடையின்றி ஓடும். கிழவியாக நடிக்கும் பெண், இறக்கினால் தன் ஒப்பாரியின் உச்சத்தில் குரல் தெறிக்காது என்று வாதிட்டாள். அவள் சொல்வதும் நியாயமே. இறுதியில் ஒப்பாரியை எந்தக் கருவியும் தொடுவதில்லை என்றும், மற்றப் பாடல்களை நாலு கட்டையில் பாடுவது என்றும் முடிவாயிற்று.

சனி, செய்யாறு வட்டம்

செங்கல்பட்டு தாண்டி உத்திரமேரூர் வழியாக வந்தோம். ஏரி நாடகம் ஆடப்போகிறவர்கள் அந்த ஊரை வண்டிக்குள்ளிருந்தே பார்த்துவிட்டுப் போவது தகாது என்று இயக்குநர் வண்டியை நிறுத்தச் சொன்னார். வைகுண்டப் பெருமாள் கோயிலின் அடித்தளக் கற்களில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921ஐ ஒட்டி வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுத்து உறுப்பினரைத் தேர்ந்த முறையை அது சொல்கிறது. ஊராட்சியை நடத்திய வாரியங்களில் ஏரி வாரியமும் ஒன்று. அதற்கு உறுப்பினர் ஆறு பேர். வாரியத்துக்கு வர விரும்புகிறவருக்கு வரி செலுத்தும் நிலம் கால் வேலியாவது (வேலி என்பது பழைய நில அளவு) வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது முப்பத்தைந்துக்கு மேலும் எழுபதுக்குள்ளும் இருக்க வேண்டும். இதை விளக்கியபோது, கரையில் மூட்டை அடுக்கும் இளைஞனாக நடிப்பவன், "அப்படியென்றால் எங்களில் ஒருவர் பெயரைக்கூடக் குடத்தில் போட்டிருக்க மாட்டார்கள்" என்றான். மாலைக்குள் அந்த வாக்கியம் நாடகத்துக்குள் போய்விட்டது. மதகைத் திறப்பதா வேண்டாமா என்று பெரியவர்கள் வழக்காடிக்கொண்டிருக்கும் இடத்தில் அவன் அதைச் சொல்கிறான். எழுதி வைத்திருந்த எந்த வசனத்தையும்விட அது கூர்மையாக இறங்குகிறது.

பகல் வெயிலில், பள்ளி மைதானத்து வேப்பமரத்தடியில் ஒத்திகை தொடங்கியது. தொடங்கிய சிறிது நேரத்திலேயே ஆர்மோனியமும் டிரம்பெட்டும் பிணங்கின. காற்று சூடேறினால் ஒலி அதில் விரைந்து செல்லும், அதனால் ஊதுகருவிகளின் சுருதி மேலே ஏறும். ஆர்மோனியத்தின் உலோக நாக்குகளோ அவ்வளவாக அசைந்து கொடுப்பதில்லை. டிரம்பெட்காரர்கள் தம் கருவியின் சுருதிக் குழாயைச் சற்று வெளியே இழுத்து ஈடு செய்தார்கள். இரவில் குளிர்ந்தவுடன் அதைத் திரும்ப உள்ளே தள்ள வேண்டியிருக்கும் என்பதால், ஒவ்வொரு காட்சிக்கு முன்பும் ஆர்மோனியம் ஒரு முறை ஆதார சட்சமத்தைப் பிடித்துக் காட்டும் என்று ஏற்பாடு செய்துகொண்டோம். ஆர்மோனியமும் 1842இல் பாரிசில் காப்புரிமை பெற்ற கருவிதான் என்று அவர்களுடைய கிளாரினெட் கலைஞர் நினைவூட்டினார். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தெருக்கூத்தின் பின்பாட்டுக்குத் தாய்மடியாக இருந்துவரும் அந்தப் பெட்டியை எங்கள் பிள்ளைகளில் யாரும் அந்நியக் கருவியாக எண்ணியதே இல்லை.

பிற்பகலில், வடக்கத்திப் பாணிக் கூத்தில் பல்லாண்டுகள் ஆடிய மூத்த வாத்தியார் ஒருவர் வந்து எங்களோடு உட்கார்ந்தார். கூத்துக்குப் பெயர்பெற்ற புரிசை இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. பாரிசின் தியேட்டர் து சொலெய் குழு கூத்தைக் கற்றுத் தன் மேடையில் சேர்த்துக்கொண்டதும் புரிசைக் கலைஞர்களின் வழியாகத்தான். அதனால் பிரெஞ்சுக்காரர்கள் வந்து அமர்ந்ததில் இங்கு யாருக்கும் வியப்பில்லை. வாத்தியாருக்கு வியப்பளித்தது வேறு. ஏழு எண்ணிக்கைத் தாளத்தைக் கற்பிக்க இரண்டு மணி நேரமாவது ஆகும் என்று எண்ணி வந்தவருக்கு, அவர்கள் அந்த ஏழு எண்ணிக்கையைத் தயக்கமின்றி அடித்துக் காட்டிவிட்டார்கள். பால்கன் நாடுகளின் ஆட்டப் பாட்டுகளை வாசித்தவர்களுக்கு ஏழு பழகியதே. ஆனால் அவர்களுடைய ஏழு இரண்டு, இரண்டு, மூன்று என்று விழுந்தது. நம் மிஸ்ர சாப்பு மூன்றில் தொடங்கி நாலில் முடிவது. எண்ணிக்கை ஒன்றுதான், அடி விழும் இடம் வேறு. நடிகர்கள் சுழன்று கிறுக்கி போடும்போது கால் ஒரு பக்கமும் முரசு ஒரு பக்கமும் போயின.

வாத்தியார் மிருதங்கத்தை வாங்கி, "தகிட தகதிமி" என்று சொல்லிக்கொண்டே அடித்தார். பிறகு புரட்டி, "தகதிமி தகிட" என்று அடித்தார். "தம்பி, நீங்க வாசிக்கிறதும் நம்மகிட்ட இருக்கு, விலோமம்னு. ரெண்டும் வேணும். எது எங்கேன்னு முடிவு பண்ணுங்க" என்றார். புதுச்சேரியிலிருந்து வந்து எங்களுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்த மாணவிக்கு அதைப் பிரெஞ்சில் சொல்ல வேண்டிய தேவையே எழவில்லை. அந்தப் பேச்சிலிருந்து ஒரு காட்சி பிறந்தது. ஊர் கட்டுப்பாட்டோடு இருக்கும் வரை தகிட தகதிமி. நீர் உள்ளே வந்தபின் அதே நடை புரண்டு தகதிமி தகிட. நடிகர்களின் கால் பழைய கணக்கிலேயே நிற்க முயன்று, முடியாமல், புதிய கணக்குக்கு மாறுகிறது. கரை தளர்வதைக் காட்ட வேறு எந்த உத்தியும் தேவைப்படவில்லை.

ஞாயிறு, அதே ஊர்

இரவு நிகழ்ச்சி. பகல் முழுவதும் ஒத்திகையின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், உணவு இடைவேளையில் இயக்குநரிடம் வந்து பேசினார். ஏரி நீரை வயல்களுக்குப் பாய்ச்சும் பொறுப்பைத் தலைமுறையாகப் பார்த்த குடும்பத்தவர். கரை உடையும் காட்சியில் எட்டுக் கருவிகளும் ஒரே நேரத்தில் முழங்குவது அவருக்குச் சரியாகப் படவில்லை. "கரை ஒடையறதுக்கு முன்னால சத்தமே வராதுங்க. அடியில கசியும். மண்ணு நனையும். அத யாரு பாக்கறாங்களோ அவங்க ஊரக் காப்பாத்துவாங்க. சத்தம் வந்துட்டா அப்புறம் ஒண்ணுமில்ல" என்றார்.

எங்கள் ஓராண்டு உழைப்பில் யாருக்கும் தோன்றாத செய்தி இது. இயக்குநர் உடனே அதை வாத்தியக் குழுவிடம் கொண்டுபோனார். டிராம்போன் கலைஞர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, கருவியில் உதட்டை அதிரவிடாமல் வெறும் காற்றை மட்டும் ஊதிக் காட்டினார். குழாய்க்குள் மூச்சு ஓடும் ஒலி மட்டும் கேட்டது. ஊதுகிறவர்கள் ஆறு பேரும் இருட்டில் வெவ்வேறு மூலைகளிலிருந்து அப்படி ஊதினால் அது எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது. கரையாக நிற்கும் நடிகர்களில் கடைசியில் நிற்கும் சிறுமி மட்டும் அதைக் கேட்கிறாள், குனிந்து தன் காலடியைத் தொட்டுப் பார்க்கிறாள் என்று காட்சியை மாற்றினோம். மாலை ஆறு மணிக்கு மாற்றிய காட்சியை இரவு பத்து மணிக்கு நிகழ்த்துவது இளைஞர்களுக்கு எளிதன்று. ஆனால் அவர்கள் ஒருவரையொருவர் உற்றுக் கேட்க அந்த மாற்றமே காரணமாயிற்று. மனப்பாடம் செய்த அளவுகள் எதுவும் கைகொடுக்காத இடத்தில், எதிரே நிற்பவரின் மூச்சைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

கூத்து மரபின்படி இருவர் பிடித்த துணித் திரைக்குப் பின்னால் கிழவி பாத்திரம் வந்தது. கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் அவளை வம்புக்கிழுத்தான். மூச்சுக் காற்றின் ஒலி எழுந்தபோது மைதானத்தில் குழந்தைகளின் பேச்சுகூட அடங்கியது. பிறகு பார்வையாளர்களின் பின்னாலிருந்து முரசு எழுந்து, கூட்டத்தைப் பிளந்துகொண்டு குழு உள்ளே வந்தது. முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் உண்மையாகவே கால்களை மடக்கிக்கொண்டு இடம்விட்டு நகர்ந்தார்கள். அந்த முதியவர் நிகழ்ச்சி முடிந்ததும், சிறுமியாக நடித்த பெண்ணை அழைத்து, கையால் தொட்டால் போதாது, மண்ணைப் பிசைந்து பார்க்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார்.

திங்கள், புதுச்சேரி

வந்தவாசி, திண்டிவனம் வழியாகப் பயணம். 1760இல் வந்தவாசியில் பிரெஞ்சுப் படை ஆங்கிலேயரிடம் தோற்றதிலிருந்துதான் தென்னாட்டில் பிரெஞ்சு ஆதிக்கம் சுருங்கத் தொடங்கியது என்று எங்கள் பிள்ளைகள் சொல்ல, விருந்தினர்கள் அந்த ஊரைப் பெயர்ப் பலகையோடு படமெடுத்துக்கொண்டார்கள்.

புதுச்சேரியில் நாங்கள் முதலில் போனது கருவடிக்குப்பத்துக்கு. தமிழ் நாடகத்தின் தலைமையாசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1922 நவம்பர் 13 அன்று இந்நகரில் மறைந்தார். அவருடைய நினைவிடம் அங்கே இருக்கிறது. இளைஞர் நாடகம் என்பது அண்மைக் காலத்தில் வெளியிலிருந்து வந்த கருத்து என்று பலரும் நினைக்கிறார்கள். சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையின் நடிகர்கள் அனைவரும் சிறுவர்கள். டி. கே. சண்முகம் சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள்தாம். ஊர் ஊராகச் சென்று, கம்பெனி வீட்டில் தங்கி, பாட்டும் வசனமும் கற்று, இரவில் மேடையேறிய பிள்ளைகள் அவர்கள். அந்த வாழ்க்கையின் கடுமையை நான் போற்றவில்லை. வீட்டை விட்டுப் பிரிந்த குழந்தைகளின் ஏக்கத்தின் மீதும் அந்த மேடைகள் நின்றன. ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளையால் ஒரு முழு நாடகத்தைத் தாங்க முடியும் என்று நம்பிய ஆசிரியர் ஒருவர் நம்மிடையே இருந்தார் என்பதை, இன்று பிள்ளைகளை வைத்து நாடகம் செய்யும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். எங்கள் குழுவினர் அங்கே அவருடைய பாணியில் ஒரு விருத்தம் பாடினார்கள். சாக்சபோன் கலைஞர் கருவியைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை, கேட்டுக்கொண்டு நின்றார். எப்போது வாசிக்கக் கூடாது என்று தெரிந்தவர்களோடு வேலை செய்வது பெரும் பேறு.

செவ்வாய், புதுச்சேரி

மூடிய அரங்கம், சுவரெல்லாம் சிமெண்டு. பித்தளைக் கருவிகளின் ஒலி சுவரில் பட்டுத் திரும்பி வசனத்தை விழுங்கியது. மைக்கின் அளவைக் கூட்டியதும் அது இரைச்சலாயிற்று. எனவே குழுவினரைக் கதவுகளுக்கு வெளியே, தாழ்வாரத்தில் நிறுத்தி, கதவுகளைத் திறந்தும் மூடியும் நீரின் அளவைக் கூட்டிக் குறைத்தோம். கதவைப் பிடித்து நின்றவர்கள் மேடை நடிகர்களில் இருவர். மதகை இயக்குகிறவர்களாக அவர்களையும் பாத்திரமாக்கிக்கொண்டோம். நிகழ்ச்சி நன்றாகவே அமைந்தது. ஆயினும் திறந்தவெளியில் மண்ணில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நடுவே நீர் புகுந்ததற்கு இது ஈடாகாது.

வியாழன், தஞ்சாவூர்

நேற்று முழுவதும் கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம் என்று சாலையிலேயே கழிந்தது. இன்று காலை அரண்மனைக்குச் சென்றோம். சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்த இரண்டாம் சரபோஜி மன்னர், 1798 முதல் 1832 வரையிலான தம் ஆட்சிக்காலத்தில் மேலைநாட்டு இசைக் கருவிகளை வரவழைத்து, அந்த முறையில் வாசிக்கும் பாண்டு வாத்தியக் குழுவையும் அரண்மனையில் வைத்திருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில், பரதநாட்டியத்தின் முன்வடிவமான சதிர் ஆட்டத்தின் மேளத்திலும் கிளாரினெட் இடம்பெற்றது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய இசைக்கலைஞரிடம் வயலின் கற்று அதைக் கருநாடக இசைக்குள் கொண்டுவந்தார். சென்னைக் கோட்டையின் வாத்தியக் குழு வாசித்த மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் வடமொழியில் சாகித்தியம் எழுதினார். அவற்றை நோட்டுஸ்வரம் என்கிறோம். ‘சந்ததம் பாஹிமாம்’ என்று தொடங்குவது பிரிட்டிஷ் நாட்டுப் பண்ணின் மெட்டில் அமைந்தது.

சங்கீத மகாலில் நின்று இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது கிளாரினெட் கலைஞர் பல கேள்விகள் கேட்டார். அந்நாளைய வாத்தியக்காரர்கள் எழுதிய இசைக்குறிப்பைப் பார்த்து வாசித்தார்களா, கேட்டுக் கற்றார்களா என்பதில் அவருடைய ஆர்வம் நின்றது. இந்தப் பயணத்தில் அவருக்கிருந்த இடரும் அதுவே. எங்கள் நடிகர்கள் எழுதி வைத்துப் பாடுவதில்லை. பாட்டின் ஒரு வரியை, கூட்டத்தின் மனநிலையைப் பார்த்து இரண்டு முறையோ ஐந்து முறையோ திருப்புவார்கள். தாளில் உள்ள அளவுக் கோடுகளைக் கணக்கிட்டு வருகிறவருக்கு அது தரையில்லாத இடம். கிராமத்து நிகழ்ச்சிக்குப் பிறகு அவர்கள் தாள்களைப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். நடிகர்களும் ஒன்றை விட்டுக்கொடுத்தார்கள். கடைசித் திருப்பத்தில் கிழவி வலது கையை உயர்த்துவாள், அதற்குமேல் வரி நீளாது. பாடகருக்கு அது பெரிய இழப்புதான், ஆனால் அந்தக் கை உயர்வதை எட்டுப் பேரும் எதிர்பார்த்து நிற்பது தனி அழகு.

இரவு நிகழ்ச்சி கல்லூரி மைதானத்தில். செய்யாற்றுப் பக்கத்து முகவீணைக் கலைஞர் எங்களோடு தஞ்சை வரை வந்திருந்தார். முகவீணை என்பது நாகசுரம் போன்ற சிறிய ஊதுகருவி. முகவீணைக்கு அதன் துளைகள் விதித்த சுருதி உண்டு. மற்றவர்களுக்காக அது அரைக் கட்டை இறங்காது. இதுவரை முகவீணை ஒலிக்கும்போது பித்தளைக் கருவிகள் அடங்கியிருக்கும்படிதான் பார்த்துக்கொண்டோம். இன்று அவரே, வெள்ளம் ஊருக்குள் புகும் இடத்தில் தன்னையும் சேர்த்து வாசிக்கவிட வேண்டும் என்று கேட்டார். நாலு கட்டையில் எட்டுக் கருவிகள் முழங்க, அவற்றோடு ஒட்டாத சுருதியில் முகவீணை மேலே கீறிக்கொண்டு போனது. செவிக்கு இனிமையானதன்று. ஆனால் வீட்டுக்குள் நீர் வந்த இரவை வாழ்ந்தவர்களுக்கு அது எதைச் சொல்கிறது என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு சுருதிகளையும் ஒன்றாக்கியே தீர வேண்டும் என்று முதல் நாளிலிருந்து பாடுபட்ட இயக்குநர், மேடையோரத்தில் நின்று, இதை இனி யாரும் திருத்தக் கூடாது என்று என்னிடம் சொன்னார்.

வெள்ளி, ரயிலில்

விருந்தினர்கள் காலையில் திருச்சி விமான நிலையத்துக்குப் புறப்பட்டார்கள். நாங்கள் சென்னை திரும்பும் ரயிலில் இருக்கிறோம். அடுத்த மாதம் இதே நாடகத்தை ஊதுகருவிக் குழு இல்லாமல் நிகழ்த்த வேண்டும், அப்போது நீராக யார் வருவது என்ற விவாதம் விழுப்புரம் வரை நீண்டது. ஒலிப்பதிவை ஒலிக்கவிடலாம் என்றான் ஒருவன். பதிவு செய்த நீர் கூட்டத்தைப் பார்த்து நிற்குமா என்று கேட்டு மற்றவர்கள் அதை மறுத்தார்கள். பறைக் குழுவை அழைக்கலாம் என்பது ஒரு தரப்பு. சென்னையில் திருமணங்களுக்கும் ஊர்வலங்களுக்கும் வாசிக்கும் பாண்டு வாத்தியக் கலைஞர்களிடம் போகலாம் என்பது கிழவியாக நடிப்பவளின் கருத்து. அவர்களும் நடந்தே வாசிப்பவர்கள், டிரம்பெட்டும் கிளாரினெட்டும் அவர்கள் கையிலும் இருக்கின்றன, எழுதாமல் கேட்டே வாசிப்பதில் எங்களைவிடத் தேர்ந்தவர்கள், இத்தனை காலம் ஒரே ஊரில் இருந்தும் நாம் அவர்களைத் தேடிப் போகவில்லை என்றாள். ஞாயிறு மாலை ஒத்திகைக்கு அவர்களில் யாரை அழைப்பது, அவர்களுக்குரிய ஊதியத்தை எந்தக் கணக்கிலிருந்து தருவது என்று இயக்குநர் இப்போது குறித்துக்கொண்டிருக்கிறார்.